மூன்று கால் சுறாவும் ஜேசிபி பன்றியும்

ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முழுக்களின் பெருக்கல் முடிந்த பக்கத்தைப் புரட்டியதும் ஒரு சுறாமீன். அது நீந்தவில்லை, நின்றுகொண்டிருந்தது. உடம்புக்குக் கீழே மூன்று கால்கள். மூன்றிலும் நீல நிற ஷூ. பேனாவால் அழுத்தி அழுத்தி வரைந்ததில் தாளின் மறுபக்கம் வரை தடம் விழுந்திருந்தது.

அன்று நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். "கணக்கு நோட்டில் என்ன கிறுக்கல் இது?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசைமேல் போட்டேன். வரைந்த மாணவன் தலைகுனிந்து நின்றான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "டீச்சர், அது ட்ரலலேரோ ட்ரலலா" என்றது. வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் எதுவும் புரியவில்லை.

ஜவ்வாதுமலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே செல்லும் சாலையோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது எங்கள் உண்டு உறைவிடப் பள்ளி. அறிவியலும் கணக்கும் நான் எடுக்கிறேன். ஓவிய ஆசிரியர் கிடையாது. எங்கள் மாணவர்களில் பலர் கடலைப் பார்த்ததில்லை. அவர்களுடைய ஊர்களில் கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் குறிப்பிட்ட ஒரு பாறைமேல் ஏறி நிற்கவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை, கடலில் வாழும் சுறாவுக்கு ஷூ மாட்டி வரைகிறான் என்றால் அந்தப் படம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது! மாலையில் மற்ற நோட்டுகளின் கடைசிப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு வகுப்பில் மட்டும் பதினோரு நோட்டுகளில் இப்படிப்பட்ட உருவங்கள் இருந்தன. முதலைத் தலை வைத்த விமானம், காபிக் கோப்பையைத் தலையாகக் கொண்ட நாட்டியக்காரி, செருப்பு மாட்டிய கள்ளிச்செடி யானை.

கிழித்த பக்கத்தை மறுநாள் டேப் போட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன். அதோடு அவர்களிடமே பாடம் கேட்டேன்.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன?

நம்மில் பலருக்கு இவை அறிமுகமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிக்டாக் செயலியில் பரவத் தொடங்கியவை இவை. 'இத்தாலியன் பிரெயின்ராட்' என்பது பொதுப்பெயர். செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு இரண்டு மூன்று பொருந்தாப் பொருள்களை ஒட்டி ஓர் உயிரை உருவாக்குகிறார்கள். அதற்கு எதுகை மோனையோடு ஓர் இத்தாலியச் சாயல் பெயர். பின்னணியில் இத்தாலிய மொழியில் ஓர் இயந்திரக் குரல். இந்தியாவில் 2020 ஜூன் மாதமே டிக்டாக் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாக இவை நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்துவிட்டன.

'பிரெயின் ராட்' என்றால் மூளை அழுகல். தரமற்ற இணையக் காட்சிகளை ஓயாமல் பார்த்து மனம் மழுங்குவதைக் குறிக்கும் சொல். ஆக்ஸ்போர்டு நிறுவனம் 2024-ஆம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் சொல் பழையது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854-இல் வெளிவந்த 'வால்டன்' நூலிலேயே இதைக் கையாண்டிருக்கிறார். தாங்கள் பார்ப்பது அபத்தம் என்று தெரிந்தே, அந்தப் பெயரை இளையவர்கள் தாங்களாகவே சூட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். நாம் திட்டுவதற்கு முன்பே அவர்கள் தங்களைக் கேலி செய்துகொண்டுவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் காணொலிகளை வகுப்பில் ஒலியோடு போட்டுவிட வேண்டாம். சுறாவின் மூலக் காணொலியில் ஒலிக்கும் இத்தாலிய வரிகளில் கெட்ட வார்த்தைகளும் கடவுளை இழிவுபடுத்தும் சொற்களும் உள்ளன. முதலை விமானத்தின் வரிகளோ காசாவில் குழந்தைகள்மேல் குண்டு போடுவதை வேடிக்கையாகச் சொல்கின்றன. மொழி தெரியாததால் பிள்ளைகள் அதைச் சந்தத்துக்காகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் இதை நான் மறைக்காமல் சொன்னேன். "போர்ல சாகுற புள்ளைங்களப் பத்தியா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதன்பிறகு அந்த வகுப்பில் முதலை விமானத்தை யாரும் பாடிக் கேட்கவில்லை. தடை எதுவும் போடவில்லை, பொருளை மட்டும்தான் சொன்னேன். சிறிய வகுப்புகளில் படங்களை மட்டும் காட்டினால் போதும்.

எல்லா உருவங்களும் இத்தகையவை அல்ல. கையில் மட்டை பிடித்த மரக்கட்டை மனிதன் ஒருவன் உண்டு. 'துங் துங் துங் சாஹுர்' என்பது அவன் பெயர். அது இந்தோனேசியாவில் உருவான பாத்திரம். ரமலான் நோன்புக் காலத்தில் விடியும் முன்னர் மக்களைச் சஹர் உணவுக்கு எழுப்ப அங்கே மரத்தாலான கருவியைக் கொட்டுவார்கள். அந்தக் கொட்டின் ஒலிதான் 'துங் துங்'. இதைச் சொன்னதும் ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய அண்ணன் வாணியம்பாடியில் வேலை செய்கிறார். அங்கே நோன்பு மாதத்தில் விடியற்காலை பக்கீர் ஒருவர் தாயிரா அடித்துப் பாடிக்கொண்டே தெருத்தெருவாகப் போவாராம், அண்ணன் சொல்லியிருக்கிறார். அர்த்தமில்லாதது என்று நான் ஒதுக்கிய படத்துக்குள் ஒரு ஊரின் விடியற்காலை இருந்தது. அதை எனக்கு எடுத்துக்காட்டியவன் பன்னிரண்டு வயதுப் பையன்.

சுறாவின் ஷூவும் அப்படித்தான் வகுப்பில் வேறு பக்கம் திரும்பியது. எங்கள் மலையிலிருந்து இறங்கினால் ஆம்பூர். அங்கே தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் அக்காக்கள், சித்திகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். "சுறா போட்டிருக்கிற ஷூ எங்க அக்கா தச்சதா இருக்கும்" என்றான் ஒருவன். அரை மணி நேரம் ஷூவின் பாகங்களைப் பற்றியே பேசினோம். பாடத்திட்டத்தில் அது இல்லை.

யாளிக்கு ஏன் தும்பிக்கை?

பொருந்தாத உடல்களை ஒட்டவைப்பது நமக்குப் புதிதா என்ன? வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விஜயநகர ஆட்சிக்காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் யாளிகளும் குதிரைகளும் அவற்றின்மேல் வீரர்களும் தூணோடு தூணாக நிற்பார்கள். சிங்கத்தின் உடலும் யானையின் தந்தமோ தும்பிக்கையோ சேர்ந்ததுதான் யாளி. நான் போனபோது எடுத்த படங்களை ஸ்மார்ட் போர்டில் காட்டினேன். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டோம். எந்தெந்த உயிரின் எந்தெந்த உறுப்பு, அது ஏன் சேர்ந்தது, பார்ப்பவருக்கு என்ன தோன்றும்.

முதல் கட்டம் எளிதில் நிரம்பியது. இரண்டாவதில் விவாதம் வந்தது. யானையையே தாக்கக்கூடிய விலங்காக ஆளி சங்க இலக்கியத்தில் வருகிறது என்பதைச் சொன்னேன். காட்டில் பெரியது யானை, அதைவிடப் பலம் வாய்ந்த ஒன்றைக் காட்டவேண்டுமென்றால் சிற்பி என்ன செய்வார்? யானையின் உறுப்பை எடுத்துச் சிங்கத்துக்குக் கொடுத்துவிடுவார். இது மாணவர்கள் கண்டுபிடித்த விளக்கம். ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, எனக்குப் பிடித்திருந்தது.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிற்பம் உண்டு. ஒரே தலை. இடப்பக்க உடலை மறைத்தால் அது யானை, வலப்பக்க உடலை மறைத்தால் அது காளை. அல்லது மறுபுறமாக, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அட்டையால் மறைத்து மறைத்துக் காட்டியபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ரிஷபகுஞ்சரம் என்ற பெயரைக் கடைசியில் சொன்னால் போதும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் கண்டுபிடிக்கும் சுகம் போய்விடுகிறது.

ஒடிசாவின் நவகுஞ்சரத்தை மூத்த வகுப்புகளுக்குச் சொல்லலாம். 15-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சரளா தாசர் எழுதிய ஒடியா மகாபாரதத்தில் வருகிறது. ஒன்பது உயிர்கள் கலந்த உரு. சேவல் தலை, மயில் கழுத்து, காளையின் திமில், சிங்கத்தின் இடை, பாம்பு வால், மூன்று விலங்குகளின் மூன்று கால்கள். நான்காவது கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மனிதக் கை. காட்டில் அதைக் கண்ட அர்ச்சுனன் அம்பு எய்யப் போகிறான். அந்தக் கையைப் பார்த்ததும் இது விலங்கு அல்ல, கண்ணனின் உரு என்று உணர்ந்து வில்லைத் தாழ்த்துகிறான். ஒட்டவைத்த ஒவ்வோர் உறுப்பும் கதைக்குள் ஒரு வேலை செய்கிறது. அந்தக் கை இல்லையென்றால் கதையே இல்லை.

"அப்படியென்றால் சுறாவுக்கு ஷூ எதற்கு?" என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில், 'ஒரு காரணமும் இல்லை'. வந்த பதில், "சிரிக்கிறதுக்கு". இன்னொருவன், "தள்ளிவிடாம நிக்கிறதுக்கு" என்றான். விளக்கச் சொன்னேன். கட்டைவிரலால் காணொலிகளைத் தள்ளிக்கொண்டே போகும்போது இப்படி ஒன்று வந்தால் விரல் நின்றுவிடும், அதற்காகத்தான் என்றான். மிகச் சரியான பதில். பார்ப்பவரின் நேரம் பணமாகும் ஓர் உலகத்துக்காக உருவான படங்கள் இவை. யாளி உயர்ந்தது, சுறா தாழ்ந்தது என்று முடித்துவிடலாம் என்ற நேரத்தில் அதே பையன் சொன்னான்: "யாளியும் நம்மள நிக்க வெக்கத்தானே டீச்சர் செஞ்சாங்க?"

எனக்குப் பதில் இல்லை. அவன் சொன்னது உண்மைதான். சாமைக் கொல்லையின் நடுவே பழைய சட்டையும் சட்டித்தலையுமாக நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை, கட்டி முடியாத வீட்டின் முன் நாக்கைத் தொங்கவிட்டு முழிக்கும் திருஷ்டிப் பொம்மை, திரையரங்க வாசலில் தெருவையே மறைத்து நின்ற கைவண்ணக் கட்-அவுட், எங்கள் மாவட்டத்துப் புரிசையில் கூத்துக் கலைஞர் கட்டும் பெரிய கிரீடமும் புஜகீர்த்தியும் என எல்லாமே பார்வையை இழுத்து நிறுத்தச் செய்தவை. இழுத்து நிறுத்திய பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. பொம்மை பறவையை விரட்டும். கூத்தின் கிரீடம் தூரத்து வெளிச்சத்திலும் துரியோதனனை அடையாளம் காட்டும். சுறா, அடுத்த சுறாவுக்குக் கூட்டிப்போகும். 'அழகா, அசிங்கமா' என்று கேட்டால் வகுப்பில் இரண்டு கட்சி உருவாகும், அவ்வளவுதான். 'இது எதற்காக இப்படி இருக்கிறது?' என்று கேட்டபோதுதான் பேச்சு வளர்ந்தது.

மடிப்புத் தாள்

பார்ப்பதோடு நிற்காமல் செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. 1925-ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரில் ஆந்திரே பிரெத்தோன் முதலிய சர்ரியலிசக் கலைஞர்கள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். ஒருவர் தாளில் எழுதி, மடித்து மறைத்து, அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் முன்னதைப் பார்க்காமலே தொடர்வார். முதலில் சொற்களில், பிறகு ஓவியத்தில். எந்த ஒருவரும் தனியாக நினைத்திருக்க முடியாத உருவங்கள் அதில் பிறந்தன. செலவே இல்லாத செயல்பாடு.

ஏ4 தாளை மூன்றாக மடிக்கவேண்டும். முதல் மாணவர் தலை, இரண்டாமவர் உடல், மூன்றாமவர் கால். மடிப்பைத் தாண்டிக் கோடுகள் விரல்நக அகலத்துக்கு அடுத்த பகுதியில் நீண்டிருக்கவேண்டும். அந்த முனைகளிலிருந்துதான் அடுத்தவர் தொடங்குவார். ஒரு பாடவேளை போதும்.

முதல் முறை படுதோல்வி. எல்லாத் தலைகளும் நடிகர்களின் தலைகள், எல்லாக் கால்களும் ஷூக்கால்கள். சுறாவையே திரும்பத் திரும்பப் பெற்றெடுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். தலையோ உடலோ நம் மலையில் உள்ள ஓர் உயிராக இருக்கவேண்டும். மற்ற பகுதிகள் வீட்டிலோ வழியிலோ தினமும் பார்க்கும் பொருளாக இருக்கவேண்டும். வரைந்து முடித்ததும் மூவரும் சேர்ந்து ஒரே ஒரு வரி எழுதவேண்டும், 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று.

அந்த ஒரு வரிக்கு ஒரு முன்மாதிரியும் காட்டினேன். நம் மலையடிவாரத்தில், செங்கம் பகுதி எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரனோடு அந்தக் கல்லில் ஒரு நாயும் இருக்கிறது. வீரன் கல்லில் நாய்க்கு என்ன வேலை என்று பார்ப்பவர் கேட்பார் என்று தெரிந்தோ என்னவோ, அருகிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கோவிவன் என்ற அந்த நாய் திருடர்கள் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று. சுமார் 1,400 ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் நிற்கிறது. 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் நூலகத்தில் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திருவண்ணாமலை மாவட்ட ஆசிரியர்களுக்கு அது ஒரு பொக்கிஷம்.

இரண்டாம் முறை தாள்களை விரித்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆட்டுக்கால் முளைத்த பேருந்து. காரணம்: கொண்டை ஊசி வளைவில் அது ஆடு மாதிரிதான் ஏறும். கைப்பேசிக் கோபுரத்தை உடலாகக் கொண்ட சேவல். காரணம்: பாறைமேல் ஏறிக் கூவினால்தான் சிக்னல் கிடைக்கும். தேனடை வயிறு வைத்த கரடி, காரணம் எழுதத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு தாள் மட்டும் சிரிப்பு வரவழைக்கவில்லை. காட்டுப்பன்றி. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஜேசிபி இயந்திரத்தின் மண் வாளி, பற்களோடு. கீழே கால்களுக்குப் பதில் வரிவரியாகக் கிளறிய மண். தலை வரைந்த மாணவி வகுப்பில் அதிகம் பேசாதவள். மாதத்தில் பல திங்கட்கிழமைகளில் வரமாட்டாள். வார இறுதியில் ஊருக்குப் போனால் புதன்கிழமைதான் விடுதிக்குத் திரும்புவாள். வருகைப்பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மை அதிகம். அந்த ஒரு வரியை அவள்தான் எழுதியிருந்தாள்: 'ஒரு ராத்திரியில் கொல்லை முழுக்கத் தோண்டிவிடும்.'

அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். சாமை விளையும் மாதங்களில் அப்பா பரண்மேல் காவல் இருக்கிறார். அம்மா ஆம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். தம்பி சின்னவன். அப்பா கண்ணயரும்போது தகரம் தட்டுவதற்கு ஆள் வேண்டும். அதனால்தான் இரண்டு நாள் தங்கிவிடுகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து இதே நிலை. 'ஏன் லீவு?' என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். "உடம்பு சரியில்ல டீச்சர்" என்பாள், நாங்களும் எழுதிக்கொள்வோம். அந்தக் கேள்விக்கு வராத பதில், 'இந்தப் பன்றிக்கு ஏன் வாளி?' என்ற கேள்விக்கு வந்துவிட்டது.

தலைமை ஆசிரியரிடம் பேசினோம். அந்த மாதங்களில் அவள் தவறவிடும் பாடங்களைப் புதன், வியாழன் மாலைகளில் விடுதியிலேயே முடித்துக்கொடுப்பது என்று முடிவானது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற தகவலும் அவள் அப்பாவுக்குப் போனது. பன்றி இன்னும் வருகிறது. அவளும் இன்னும் சில திங்கட்கிழமைகள் வருவதில்லை. காரணம் தெரிந்த லீவு என்பதுதான் மாற்றம்.

இயந்திரம் வரைந்த பன்றி

செயற்கை நுண்ணறிவு எப்படிப் படம் போடுகிறது என்று மாணவர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொன்னேன். கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு உள்ள விளக்கச் சொற்களையும் வைத்து, எந்தச் சொல்லோடு எந்த வடிவம் வரும் என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். நாம் சொற்களைக் கொடுத்ததும் அது வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழப்பத்தைக் குறைத்து அந்தச் சொற்களுக்கு ஏற்ற படமாக்குகிறது. சுறாவுக்குக் காலில்லை என்பது தெரிந்து அது வேடிக்கை செய்வதில்லை. சுறா என்ற சொல்லுக்கும் ஷூ என்ற சொல்லுக்கும் உரிய வடிவங்களை இணைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த மென்பொருள்கள் மனிதக் கைக்கு ஆறு விரல், ஏழு விரல் போட்டது இதனால்தான்.

என் கைப்பேசியில், ஜேசிபி வாளி மூக்கு வைத்த காட்டுப்பன்றி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தோம். அரை நிமிடத்தில் பளபளப்பான படம் வந்தது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் தெரிந்தது. எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். அந்த மாணவி மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வாளி மேல பாத்துருக்கு டீச்சர். இது தோண்டாது." உண்மைதான். வாளி கிண்ணம் போல் வானத்தைப் பார்த்து இருந்தது. பன்றியின் கால்களில் ஒட்டுமண் கூட இல்லை.

இதே உருவங்களை வைத்து அறிவியலும் கணக்கும் ஓரளவு நடத்த முடிந்தது. சுறாவுக்கு எலும்பே கிடையாது, உடல் முழுக்கக் குருத்தெலும்புதான். அப்படியானால் ஷூ போட்டு நின்றால் என்ன ஆகும்? தண்ணீருக்கு வெளியே செவுள்களின் நிலை என்ன? கால்கள் ஏன் மூன்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடுதிச் சமையலறையிலிருந்து முக்காலியையும் ஒரு பழைய நாற்காலியையும் கொண்டுவந்து மேடுபள்ளமான முற்றத்தில் வைத்தோம். நாற்காலி ஆடியது, முக்காலி ஆடவில்லை. எந்த மூன்று புள்ளிகளையும் ஒரே தளம் தொடும், நான்காவது புள்ளி அதில் அமையும் என்பதற்கு உறுதியில்லை. அந்தச் சுறா அறிந்தோ அறியாமலோ உறுதியாகத்தான் நின்றிருக்கிறது.

தமிழ் ஆசிரியர் பெயர் சூட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டு சொற்கள் ஒட்டும்போது எந்த எழுத்து விழும், எது நிற்கும் என்று புணர்ச்சி விதி வரை போனதாகச் சொன்னார். 'ஜேசிபன்றி' என்ற பெயர் அங்கே உருவானதுதான். கலைத் திருவிழாவுக்கு இந்தப் படங்களை அனுப்பலாமா என்ற பேச்சும் வந்தது. நான் தயங்கினேன். போட்டி என்றதும் பிள்ளைகள் மலையும் சூரியனும் தென்னை மரமும் வரையத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சினையாட்டை வரைந்தால் வயிற்றுக்குள் குட்டியையும் வரையும். பக்கவாட்டில் நிற்கும் மாட்டுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927-இல் எழுதிய நூலில் இதை விளக்கியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தனக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைகிறது. திருத்தவேண்டிய தவறு அல்ல அது. "குட்டி எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டால் போதும், ஆட்டின் முழுக்கதையும் வரும். சிறு வகுப்புகளுக்கு மடிப்புத் தாளை இரண்டாக மடித்தால் போதும், மூன்று அவர்களுக்கு அதிகம்.

படங்களை வகுப்பறைப் பின்சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். டேப் போட்ட சுறாவும் அங்கேதான் இருக்கிறது, வரைந்தவனே கேட்டு ஒட்டிக்கொண்டான். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மகளை ஊருக்கு அழைத்துப்போக அந்த மாணவியின் அப்பா வந்திருந்தார். சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். பன்றியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"காது வெக்கலியே. டார்ச் அடிச்சா மொதல்ல காதுதான தெரியும்" என்றார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் பென்சில் கேட்டாள்.